ஆலையை ஆளும் பலகை

பெரிய தொழிற்சாலை ஒன்றைக் காணச் செல்வோர் அங்குள்ள உலைகளையும் உருளைகளையும் வியந்து நோக்குவர். ஆனால் ஆலையின் ஒரு புறத்தே, தூசு படாத தனியறையில், ஆளுயர இரும்பு அலமாரிகள் வரிசையாக நிற்பதைப் பெரும்பாலோர் கவனியாமலே கடந்து விடுவர். அவற்றின் கதவுகளில் சிவப்பும் பச்சையுமாகச் சிறு விளக்குகள் எரிந்து கொண்டிருக்கும். ஆலையிலுள்ள மோட்டார்கள் ஓடுவதும் நிற்பதும் அவ்வலமாரிகள் வழியேதான். மோட்டார்க் கட்டுப்பாட்டுப் பலகை எனப்படும் இவ்வமைப்பு எவ்வாறு தோன்றியது, எத்தேவையால் ஓரிடத்தில் திரண்டது, அதனால் தொழிலாளிக்கு நேர்ந்த நன்மையும் இடரும் யாவை என்பவற்றை நாம் இங்கு ஆராய்வோம்.

மின்சாரம் வருமுன் ஆலைகள் இயங்கிய முறையை முதலில் அறிதல் வேண்டும். பம்பாயில் காவஸ்ஜி நானாபாய் தாவர் 1854-இல் நூற்பாலைக் கம்பெனியை நிறுவினார். அவரைத் தொடர்ந்து எழுந்த ஆலைகள் நீராவியால் ஓடின. எஞ்சின் அறையில் மாபெரும் சக்கரம் ஒன்று சுழலும். அதனின்று கயிறுகள் ஒவ்வொரு மாடிக்கும் செல்லும். மாடிகளில் கூரையை ஒட்டி நீண்ட இரும்புத் தண்டுகள் சுழலும். அத்தண்டுகளிலிருந்து தோல் பட்டைகள் இறங்கி ஒவ்வோர் இயந்திரத்தையும் ஓட்டும். எஞ்சின் நின்றால் ஆலை முழுவதும் நிற்கும். ஓர் இயந்திரத்தை மட்டும் நிறுத்த வேண்டுமாயின், அதன் பட்டையை வெறுமனே சுழலும் மற்றொரு சக்கரத்திற்குத் தள்ளுதல் வேண்டும். அவ்வாறு தள்ளும்போது வேட்டி முனையோ விரலோ சிக்கினால் விளைவு கொடிதாகும். இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881-இல் இயற்றப்பட்டபோது, அபாயமான இயந்திரங்களுக்கு வேலியிடுதல் அதன் நோக்கங்களுள் ஒன்றாயிற்று. சக்தி, அதிகாரம் இரண்டும் எஞ்சின் அறை ஒன்றிலேயே குடிகொண்டிருந்த காலம் அது.

இந்நிலையை மாற்றியது இண்டக்ஷன் மோட்டார். 1888-இல் நிக்கோலா டெஸ்லாவும், தனித்து ஆராய்ந்த இத்தாலிய அறிஞர் கலிலியோ பெராரிஸும் சுழலும் காந்தப் புலத்தின் தத்துவத்தை வெளியிட்டனர். அடுத்த ஆண்டிலேயே டோலிவோ-டோப்ரவோல்ஸ்கி, மும்முனை மின்சாரத்தில் ஓடும் எளிய, உறுதியான மோட்டாரை அமைத்துக் காட்டினார். நம் நாட்டிலும் இதன் பயன் விரைவிலேயே வந்தெய்தியது. 1902-இல் சிவசமுத்திரத்தில் உற்பத்தியான மின்சாரம் ஏறத்தாழ 92 மைல் கடந்து கோலார் தங்க வயலை அடைந்தது. தமிழ் மாவட்டங்களிலிருந்து சென்ற பல்லாயிரம் தொழிலாளர் அச்சுரங்கங்களில் உழைத்தனர். 1915-இல் டாட்டா நிறுவனத்தாரின் கோப்போலி நீர்மின் நிலையம் பம்பாய் ஆலைகளுக்கு மின்சாரம் வழங்கத் தொடங்கியது. 1932-இல் பைக்காரா மின்சாரம் பாய்ந்த பின் கோயம்புத்தூர்ப் பகுதியில் நூற்பாலைகள் பெருகியதை நாம் அறிவோம்.

தொடக்கத்தில் மோட்டார் நீராவி எஞ்சினின் இடத்தில் நின்றதேயன்றி வேறு மாறுதல் பெரிதாக நிகழவில்லை. பழைய தண்டுகளும் பட்டைகளும் அப்படியே இருந்தன. பின்னரே, ஒவ்வோர் இயந்திரத்திற்கும் ஒரு மோட்டார் என்ற முறை பரவிற்று. தண்டுகள் மறைந்தன, கூரை வெளிச்சமாயிற்று. ஓர் இயந்திரம் பழுதுற்றால் ஏனையவை நிற்க வேண்டியதில்லை. ஓரிடத்தில் குவிந்திருந்த சக்தி ஆலையெங்கும் பங்கிடப்பட்டது.

ஆயினும் புதிய தொல்லையொன்று உடன் வந்தது. நிற்கும் மோட்டாரை நேரே மின்சாரத்துடன் இணைத்தால், அது தன் வழக்கமான மின்னோட்டத்தைப் போல் ஏறத்தாழ 6 மடங்கை ஈர்க்கும். பெரிய மோட்டாருக்கு இதைத் தணிக்க ஸ்டார்ட்டர் தேவைப்பட்டது. ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் அத்தொடக்க மின்னோட்டத்தை மூன்றிலொரு பங்காகக் குறைக்கும். மின்சாரம் அற்றுப்போய்த் திடீரென மீளும்போது மோட்டார் தானே ஓடத் தொடங்காதபடி தடுக்க ஒரு சாதனமும், சுமை மிகுந்தால் துண்டிக்க ஒரு ரிலேயும் வேண்டியிருந்தன. ஆக, ஒவ்வொரு மோட்டாருக்கும் சுவரில் ஒரு பெட்டி. பழைய சுவிட்சுகளோ, கற்பலகையின்மேல் திறந்த செம்புக் கத்திகளாக நின்றவை. கை பட்டால் உயிர் போகும். பஞ்சாலையில் பறக்கும் இழைத் தூசும், நிலக்கரிப் பொடியும், சாயப் பட்டறையின் ஈரமும் இச்சாதனங்களுக்குப் பகையாயின.

இவற்றை ஓரிடத்தில் சேர்க்க வழி வகுத்தது கான்டாக்டர் என்னும் சாதனம். சிறு மின்னோட்டம் ஒரு மின்காந்தத்தை இயக்க, அம்மின்காந்தம் பெரிய மின்னோட்டத்தின் வாயிலைத் திறந்து மூடும். எனவே இயந்திரத்தின் அருகே ஒரு பொத்தான் இருந்தாற் போதும். கனத்த பாகங்கள் தொலைவில் இருக்கலாம். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், எண்ணற்ற மோட்டார்களைக் கொண்ட அமெரிக்க மோட்டார் வாகன ஆலைகள் போன்ற இடங்களில் இன்றைய வடிவம் நிலைபெற்றது. அலமாரி வரிசை முழுவதற்கும் பொதுவாகச் செம்பு அல்லது அலுமினியப் பட்டைகள் செல்லும், பஸ்பார் என்பர். ஒவ்வொரு மோட்டாருக்கும் அலமாரியில் ஓர் அறை. மேசை இழுப்பறைபோல் அதை வெளியே இழுத்துப் பழுது பார்க்கவும் பல பலகைகளில் வசதியுண்டு.

இத்தகைய பலகையின் இன்றியமையாமை, பொருள்கள் இடைவிடாது ஓடிக்கொண்டிருக்கும் ஆலைகளில்தான் நன்கு விளங்கும். 1959-இல் பிலாயிலும் ரூர்கேலாவிலும் ஊதுலைகள் மூட்டப்பட்டன. இத்தகைய எஃகு ஆலைகளிலும் அனல் மின் நிலையங்களிலும் நிலக்கரி ஒரு பட்டையிலிருந்து மறு பட்டைக்கு விழுந்து செல்லும். கடைசிப் பட்டை முதலில் ஓடுதல் வேண்டும். அதன் பின்னரே முந்தியவை ஒவ்வொன்றாக ஓடலாம். நடுவில் ஒன்று நின்றால் அதற்கு நிலக்கரி கொண்டுவரும் பட்டைகள் யாவும் உடனே நின்றாக வேண்டும். இல்லையேல் நிலக்கரி குவிந்து மலையாகும். இவ்வொழுங்கை மனிதர் ஓடி ஓடிக் காத்தல் இயலாது. பலகையில் கம்பிகளைத் தக்கவாறு பிணைத்தே அதைக் காத்தனர்.

சிதறிய சக்தியை ஆளும் அதிகாரம் இவ்வாறு மீண்டும் ஓரறையில் குவிந்தது. இடரும் அங்கேதான் முளைத்தது. பட்டையின் அடியில் ஒருவர் குனிந்து பழுது பார்க்கிறார். தொலைவிலுள்ள அறையில் மற்றொருவர் பொத்தானை அழுத்துகிறார். இருவரும் ஒருவரையொருவர் காண்பதில்லை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், ஆபத்து வேளையில் மின்சக்தியைத் துண்டிக்கும் சாதனம் ஒவ்வொரு வேலைக்கூடத்திலும் இருத்தல் வேண்டும் என விதித்தது. 1976-இல் வந்த திருத்தம் மேலும் ஒரு படி சென்றது: தவறுதலாக ‘நிறுத்தம்’ நிலையிலிருந்து ‘ஓட்டம்’ நிலைக்கு நகரக்கூடிய சாதனத்தைப் பத்திரமான நிலையில் பூட்டி வைக்க ஏற்பாடு வேண்டும் என்றது. பழுது பார்ப்பவர் தம் பூட்டைப் பலகையில் மாட்டிச் சாவியைத் தம்மிடமே வைத்துக்கொள்ளும் வழக்கத்தின் பொருள் இதுவே. அச்சாவி அவர் உயிருக்கு அவரே காவல் என்பதன் அடையாளம்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இவ்வரலாற்றில் தனி அக்கறையும் உண்டு. 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகள், அபாய அறிவிப்புப் பலகை இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருப்பதோடு, மாவட்டத்தின் மொழியிலும் மண்டையோட்டுக் குறியுடன் இருத்தல் வேண்டும் எனக் கட்டளையிட்டன. பொறியாளர்க்கெனச் சொற்களை ஆக்குகையில் நாம் நீண்ட சொல்லைத் தேடலாம். ஸ்டார்ட்டர், ரிலே என்ற பட்டறை வழக்கைக் கைவிட முயலலாம். ஆனால் ‘ஆள் வேலை செய்கிறார், தொடாதே’ என்னும் வாசகத்தைப் பொறுத்தவரை அச்சுதந்திரம் நமக்கில்லை. அதைப் படிப்பவர் ஒரு நொடியில் உணர்ந்து கையை இழுத்துக்கொள்ள வேண்டும். அங்கே மொழியின் நயத்தைவிடத் தெளிவே பெரிது.

1968-இல் அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தார், கம்பிப் பிணைப்புகளுக்குப் பதிலாக எளிதில் மாற்றியமைக்கத் தக்க மின்னணுச் சாதனம் ஒன்றை நாடினர். அத்தேவையிலிருந்து பிறந்த கட்டுப்பாட்டுக் கருவிகள், பின்னர் கணினித் திரைகளுடன் இணைந்தன. இன்று பல மைல் தொலைவிலிருந்தும் ஒரு மோட்டாரை ஓட்ட இயலும். அவ்வாறு ஓட்டுபவருக்கும் இயந்திரத்தின் அருகே நிற்பவருக்கும் இடையேயுள்ள தூரம் கூடியிருக்கிறதேயன்றிக் குறையவில்லை. ஆதலின் பலகையின் அறிவு எவ்வளவு வளரினும், அதன் கைப்பிடியில் தொங்கும் சிறு பூட்டும் தாய்மொழியில் எழுதிய எச்சரிக்கையும் தம் தேவையை இழக்கமாட்டா. தொழிற்சாலைகளை அமைப்போரும் நடத்துவோரும் இதனை மறவாதிருத்தல் கடமையாகும்.