மொசைக் யாருக்குச் சொந்தம்?

மொசைக் என்றதும் பலருக்கு வீட்டுத் தரைதான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் 1994-ல் அந்தப் பெயருக்காக ஒரு பல்கலைக்கழகமும் அதன் பழைய மாணவர்களும் மோதிக்கொண்டார்கள்.

அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் என்.சி.எஸ்.ஏ என்று சுருக்கமாக அழைக்கப்படும் சூப்பர்கம்ப்யூட்டர் மையம் ஒன்று இருக்கிறது. அங்கே மணிக்கூலிக்கு நிரல் எழுதிக்கொண்டிருந்த மாணவர் மார்க் ஆண்ட்ரீசனும், மையத்தின் ஊழியர் எரிக் பினாவும் சேர்ந்து 1993 ஜனவரியில் 'மொசைக்' என்ற உலாவியை வெளியிட்டார்கள். எழுத்தும் படமும் ஒரே பக்கத்தில் சேர்ந்து தெரிந்தன. யுனிக்ஸில் ஆரம்பித்து, அதே ஆண்டில் விண்டோஸுக்கும் மாக்குக்கும் வந்துவிட்டது. இணையம் என்றாலே மொசைக் என்று பலர் நினைத்த காலம் அது.

படிப்பு முடிந்து கலிஃபோர்னியா போன ஆண்ட்ரீசனை சிலிக்கன் கிராஃபிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய ஜிம் கிளார்க் பிடித்துக்கொண்டார். 1994 ஏப்ரலில் இருவரும் ஆரம்பித்த கம்பெனிக்கு வைத்த பெயர் 'மொசைக் கம்யூனிகேஷன்ஸ்'. பழைய குழுவில் பலரையும் இல்லினாய்ஸிலிருந்து அழைத்துக்கொண்டார்கள்.

பல்கலைக்கழகம் சும்மா இருக்குமா? தன் சம்பளத்தில், தன் கணினியில் எழுதப்பட்ட மென்பொருள்; ஆகவே நிரலும் தன்னுடையது, பெயரும் தன்னுடையது என்றது. மொசைக்கை வணிகரீதியில் விற்கும் உரிமையை அது ஸ்பைகிளாஸ் என்ற கம்பெனிக்கு வேறு கொடுத்திருந்தது. அதே பெயரில் இன்னொருவர் கடை விரித்தால் காசு கொடுத்து உரிமம் வாங்கியவர் என்ன ஆவார்?

நிரல் விஷயத்தில் கிளார்க் தரப்பிடம் பதில் இருந்தது: பழையதில் ஒரு வரியைக்கூடத் தொடவில்லை, எல்லாம் முதலிலிருந்து எழுதியது. பெயருக்கு அப்படி ஒரு பதில் சொல்ல முடியவில்லை. தாங்களே உருவாக்கிய பொருளின் பெயரைத் தாங்களே வைத்துக்கொள்ள முடியாதது அந்த இளைஞர்களுக்குக் கசப்பாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அந்தப் பெயரை ஊரறியச் செய்ததில் மையத்துக்கும் பங்கு உண்டு. இந்த இடத்தில் பல்கலைக்கழகத்தின் பக்கம் நியாயம் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

1994 அக்டோபரில் 'மொசைக் நெட்ஸ்கேப்' என்று உலாவி வந்தது. நவம்பரில் கம்பெனியின் பெயரே 'நெட்ஸ்கேப் கம்யூனிகேஷன்ஸ்' ஆனது. டிசம்பரில் சமரசம் முடிந்தது. அடுத்த ஆகஸ்டில் பங்குச்சந்தைக்கு வந்த முதல் நாளே 28 டாலர் பங்கு 58.25-ல் முடிந்தது. புதுப் பெயரால் ஒன்றும் குறைந்துவிடவில்லை! என்.சி.எஸ்.ஏ தன் மொசைக்கை மேம்படுத்துவதை 1997-ல் நிறுத்திக்கொண்டது.

வேடிக்கை இனிமேல்தான். நெட்ஸ்கேப் உலாவிக்கு உள்ளே ஒரு செல்லப்பெயர் இருந்தது: 'மொஸில்லா'. மொசைக்கை விழுங்க வந்த காட்ஸில்லா என்று அர்த்தம். வழங்கியிடம் உலாவி தன்னை அறிமுகம் செய்துகொண்டதும் அந்தப் பெயரில்தான். மொஸில்லா என்று சொன்னால்தான் சில தளங்கள் நல்ல பக்கத்தைக் காட்டின என்பதால் மற்ற உலாவிகளும் அப்படியே சொல்லிக்கொள்ள ஆரம்பித்தன. மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரும் அதில் சேர்த்தி. அது ஸ்பைகிளாஸிடம் முறையாக உரிமம் வாங்கி, ஸ்பைகிளாஸின் மொசைக் உலாவியிலிருந்து உருவானது.