கைக்கடிகாரத்துள் ஒரு துளி ரசம்

பழனிமலையோடு பாதரசத்தின் பெயரும் நெடுங்காலமாக இணைந்து வந்திருக்கிறது. ஓடும் ரசத்தைக் கட்டி மணியாக்குவது சித்தர்களின் பெருவித்தை. பழனியில் போகர் நவபாடாணத்தால் சிலை சமைத்தார் என்பது மரபு. மக்கா சென்று யாக்கோபு எனப் பெயர் பூண்டதாகச் சொல்லப்படும் இராமதேவரும் அச்சித்தர் வரிசையினரே. ஜாபிர் இப்னு ஹய்யானின் பெயரால் வழங்கும் அரபு நூல்களோ, உலோகங்கள் யாவும் ரசமும் கந்தகமும் கூடிப் பிறந்தவை என்றன.

இருபதாம் நூற்றாண்டு ரசத்தை வேறு விதமாகக் கட்டியது. முள்ளின்றி இலக்கத்தால் மணி காட்டும் பல்சர் கைக்கடிகாரம் 1972-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. இத்தகைய குவார்ட்ஸ் கடிகாரங்களில் பொதுவாகப் படிகமொன்று நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அதற்கு ஆற்றல் தருவது சட்டைப் பொத்தானளவு மின்கலம். கலத்திலுள்ள துத்தநாகம் அரிக்கப்பட்டு வாயு கிளம்பினால் கலம் உப்பிக் கசியும். அதைத் தடுக்கவே சிறிது பாதரசம் சேர்த்தனர். ஒரு கலத்தில் இருப்பது சில மில்லிகிராம்தான். ஆனால் தேய்ந்த கலங்கள் கோடிக்கணக்கில் குப்பைக்குச் சென்றன.

சிந்திய ரசம் என்ன செய்யும் என்பதைக் கோடைக்கானல் கண்டது. அங்கு அது வந்தது மின்கலத்துக்காக அன்று, வெப்பமானிக்காக. அமெரிக்காவின் வாட்டர்டவுனிலிருந்து பெயர்த்துக் கொணரப்பட்ட பாண்ட்ஸ் தொழிற்சாலை 1983-ல் அங்கே தொடங்கியது. பின்னர் இந்துஸ்தான் லீவர் வசமாயிற்று. 2001 மார்ச்சில், ரசம் படிந்த 7.4 டன் கண்ணாடிச் சில்லுகள் மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையொன்றில் கிடப்பது அம்பலமானது. ஆலை மூடப்பட்டது. 2003-ல் ஏறத்தாழ 290 டன் கழிவு அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் உடன்பாடு ஏற்பட்டதோ 2016-ல்தான். ஆலைக்குக் கீழே பாம்பாறு சோலை. அதன் நீர் இறங்கிச் சேருவது வைகையில்.

மினமாட்டா உடன்படிக்கை 2013-ல் உருவானது. 2018-ல் இந்தியாவும் அதை ஏற்றுறுதி செய்தது. ரச வெப்பமானிகளோடு ரசம் கலந்த மின்கலங்களுக்கும் அது படிப்படியாக விடைகொடுக்கிறது. தேய்ந்த கலங்களைத் திரும்பப் பெறும் பொறுப்பை 2022-ஆம் ஆண்டின் இந்திய விதிகள் தயாரிப்பாளர்மீது சுமத்தியுள்ளன. எனினும், பழைய கடிகாரத்தின் கலம் இன்னும் நம் வீட்டு மேசையறையில் கிடக்கக்கூடும். அதைக் குழந்தைகளின் கைக்கெட்டாமல் காத்து, கலங்களைச் சேகரிக்கும் இடத்தில் ஒப்படைப்பது நம் பங்கு. மலையும் நீரும் நமக்குப் பின் வருவோர்க்கும் உரிய அமானிதமல்லவா?