ஏழு விசைகளில் ஏழு சுரங்கள்

ஒரு காலத்தில் தொலைபேசிக்கு ஒரே குரல்தான் இருந்தது. கம்பி வழியே வந்த மின்னோட்டம் ஒரு சிறு சுத்தியலை ஆட்ட, அச்சுத்தியல் இரு உலோகக் கிண்ணங்களை மாறி மாறித் தட்டிற்று. தில்லியிலும் திருநெல்வேலியிலும் ஒலி ஏறத்தாழ ஒன்றே. அது வீட்டை அழைத்ததேயன்றி ஆளை அழைக்கவில்லை. கைப்பேசி வந்தபின் தொலைபேசி வீட்டை விட்டுச் சட்டைப் பைக்குள் புகுந்தது. ஒரே அறையில் பத்துப் பைகள். ஒன்று ஒலித்தால் பத்துக் கைகளும் பைக்குள் சென்றன. தனக்கென ஓர் அழைப்பொலி வேண்டும் என்னும் ஆசை, ஆடம்பரத்தினாலன்றி இந்தத் தடுமாற்றத்தினாலேயே முதலில் பிறந்தது எனலாம்.

பயன்படுத்துவோர் தாமே மெட்டமைத்துக்கொள்ளும் வசதி 1996ஆம் ஆண்டில் ஜப்பானியக் கைப்பேசி ஒன்றில் அமைந்தது. அந்நாட்டில் மெட்டுகளின் விசைக் குறிப்புகளைத் தாங்கிய நூல்கள் கடைகளில் விற்கும் அளவுக்கு அவ்வழக்கம் பரவிற்று. ஐரோப்பாவில் இதனை வளர்த்தது பின்லாந்து. அந்நாட்டு நோக்கியா நிறுவனத்தின் கைப்பேசிகளில் 1994 முதல் ஒலித்த புகழ்பெற்ற மெட்டு, ஸ்பெயின் நாட்டுக் கிதார்க் கலைஞர் பிரான்சிஸ்கோ தாரேகா 1902இல் இயற்றிய இசையின் ஒரு சிறு துண்டே. கச்சேரிக்காகப் பிறந்த இசை, நூறாண்டு நிறைவதற்குள் உலகெங்கும் சட்டைப் பைகளில் கூவிற்று! பின்னர் அதே நிறுவனம், மெட்டை எழுத்துகளாலும் எண்களாலும் குறிக்கும் எளிய முறையொன்றை வகுத்தது. அதனால் ஒரு குறுஞ்செய்திக்குரிய 140 பைட் இடத்திற்குள் ஒரு பாட்டின் தொடக்கத்தை அடக்கி அனுப்ப இயன்றது.

இந்தியாவில் முதற் கைப்பேசி அழைப்பு 1995 ஜூலை 31 அன்று நிகழ்ந்தது. கல்கத்தாவிலிருந்து முதலமைச்சர் ஜோதி பாசு பேச, தில்லியில் மத்திய அமைச்சர் சுக்ராம் கேட்டார். அந்நாளில் பேசுபவர்க்கு மட்டுமன்றிக் கேட்பவர்க்கும் கட்டணம் உண்டு. 2003 மே மாதத்தில்தான் வரும் அழைப்புகள் இலவசமாயின. அதற்குப் பின்னும் வெளி மாநிலத்திலிருந்து பேசுவது சிக்கனக்காரருக்குச் சுமையாகவே இருந்தமையால், ‘மிஸ்டு கால்’ என்னும் மௌனக் கடிதம் நாடெங்கும் நிலைத்தது. மணி ஒலிக்க வேண்டும், எடுக்கக் கூடாது. ‘வந்து சேர்ந்தேன்’, ‘நீ கூப்பிடு’ என்று எதையும் அது சொல்லும். அங்கே அழைப்பொலி செய்திக்கு முன்வரும் அறிவிப்பன்று; அதுவே செய்தி முழுவதும்.

இனி, அந்தப் பழைய கைப்பேசிகளில் மெட்டை ஏற்றிய விதத்தைச் சற்று விரிவாகக் காண்போம். நோக்கியா 3310 போன்ற வகைகளில் ‘கம்போசர்’ என்றொரு பகுதி இருந்தது. அதனைத் திறந்தால் 1 முதல் 7 வரையுள்ள விசைகள் மேனாட்டு இசையின் ஏழு சுரங்களாகிவிடும். நம் செவிக்கு அவை ச ரி க ம ப த நி. விசைகளை வரிசையாக அழுத்தினால் சங்கராபரணத்தின் ஆரோகணம் அப்படியே கிடைக்கும். 1, 2, 3, 5, 6 என்றால் மோகனம். நட்சத்திர விசை தாயியை மாற்றும், ஹாஷ் விசை சுரத்தை அரைப்படி உயர்த்தும், 8 காலத்தைக் குறைக்கும், 9 கூட்டும், 0 மௌனம். கல்யாணி வேண்டுவோர் 4ஐ அழுத்திய பின் ஹாஷ் அழுத்திப் பிரதி மத்திமம் பெற்றனர்.

ஆனால் சரளி வரிசை கற்ற பிள்ளைகள் தடுமாறிய இடம் ஒன்றுண்டு. மாயாமாளவகௌளையின் ரிஷபத்திற்கு 2ஐ அழுத்தினால் பிழை; ஷட்ஜத்தை அழுத்தி அதை அரைப்படி உயர்த்த வேண்டும். தைவதத்திற்கும் பஞ்சமத்தையே உயர்த்த வேண்டும். உயர்த்தத் தெரிந்த கருவிக்குத் தாழ்த்தத் தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும் கமகம் அதனிடம் இல்லவே இல்லை. படிக்கட்டில் இறங்குவதுபோலத் தட்டித் தட்டியே அது பாடும். சங்கீத வித்துவான்கள் இதனை இசையென்றே ஒப்பமாட்டார்கள். அவர்களை நான் குறை கூறவுமில்லை. எனினும், தம் பாட்டைத் தாமே காதால் கேட்டு, சுரம் பிரித்து, விரலால் எழுதும் வேலையைச் சங்கீதம் கல்லாத இலட்சக்கணக்கானோருக்கு அந்தச் சிறு கருவி தந்தது.

நான் மொழிபெயர்ப்பாளனாகத் தில்லிக்கு வந்தது 2004இல். என்னிடமிருந்தது பிறர் பயன்படுத்திக் கழித்த 3310. நெரிசல் மிக்க பேருந்தில் எங்கோ ஒரு பையிலிருந்து பழந்தமிழ்த் திரைப்பாட்டின் முதல் வரி ‘கீ கீ’ என்று ஒலிக்கும். நான்கு தலைகள் திரும்பும். நால்வரும் தமிழர் என்று உடனே தெரிந்துவிடும். பெயர், ஊர், பணியிடம் என்னும் விசாரணை அதன்பின் தானே தொடரும்.

அக்காலம் நெடிது நிற்கவில்லை. 2002 முதலே பல சுரங்களை ஒருங்கே ஒலிக்கும் கைப்பேசிகள் வரலாயின. அவற்றைத் தொடர்ந்து பாட்டையே முழுதாகத் தாங்கும் நினைவட்டைகள் வந்தன. ஊரிலிருந்து திரும்புவோர் அட்டை நிறையப் பாட்டேற்றி வந்து நண்பர்களுக்குப் பகிர்ந்தளித்தனர். குரல், தாளம், வாத்தியம் எல்லாம் கிடைத்தன. எழுதும் வேலை மட்டும் நின்றது. திருப்பெரும்புதூரில் 2006இல் தொடங்கிய நோக்கியாவின் தொழிற்சாலையும் 2014இல் உற்பத்தியை நிறுத்திற்று.

போனது என்ன என்பதை நான் என் வீட்டுக் கணக்கிலிருந்தே அறிந்தேன். என் அப்பத்தா பாடிய தாலாட்டு ஒன்றை 2005இல் கம்போசரில் எழுதி, வீட்டு எண்களுக்கு மட்டும் அது ஒலிக்குமாறு வைத்திருந்தேன். அப்பாட்டுக்கு ஒலிப்பதிவு கிடையாது. அப்பத்தாவும் மறு ஆண்டே மறைந்தார். நாமே அமைத்த மெட்டு சிம் அட்டையில் தங்குவதில்லை. கைப்பேசியின் நினைவிலேயே தங்கும். கைப்பேசி பழுதானபோது, பழுது பார்த்தவர் சிம்மை எடுத்துக் கையில் கொடுத்து, “எல்லா எண்களும் இதில் இருக்கின்றன” என்றார். மெட்டு இல்லை என்பது வீடு வந்த பின்னரே உறைத்தது.

சென்ற ஆண்டு ஒரு பழைய நாட்குறிப்பின் கடைசிப் பக்கத்தில் மூன்று வரி எண்கள் அகப்பட்டன: ஒன்று, ஹாஷ், மூன்று, ஐந்து, ஒன்பது என்று பென்சிலால் எழுதியவை. தொலைபேசி எண்ணோ என்று முதலில் ஐயுற்றேன். பிறகு பழம்பொருட் கடையில் ஒரு 3310 வாங்கி, மின்னேற்றி, எண்களை ஒவ்வொன்றாக அழுத்தினேன். ஊரிலிருந்த அத்தையை வேறொரு தொலைபேசியில் அழைத்து, அதன் வாயருகே பிடித்து ஒலிக்கவிட்டேன்.

அத்தை முழுவதும் கேட்டார். சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “எல்லாம் சரிதாம்ப்பா. ரெண்டாவது வரி முடியிற இடத்துல ஆத்தா கொஞ்சம் நின்னு இழுக்கும். இது வெட்டுது” என்றார்.

அந்த இடத்திற்குச் சென்று 9ஐ இன்னொரு முறை அழுத்தினேன்.