குடல் அழற்சி நோயும் தோல் நோய்களும்

குடல் அழற்சி நோய் என்ற பொதுப்பெயரில் முதன்மையாக இரண்டு நோய்கள் அடங்கும். பெருங்குடலின் உட்சவ்வில் புண் உண்டாக்குவது பெருங்குடல் புண் அழற்சி. வாய் முதல் ஆசனவாய் வரை எங்கு வேண்டுமானாலும் தோன்றி, குடற்சுவரின் முழுக் கனத்தையும் தாக்குவது கிரோன் நோய். இரண்டும் தொற்றுநோய்கள் அல்ல. மரபுக்கூறு, குடலில் வாழும் நுண்ணுயிர்கள், வாழும் சூழல் ஆகியவை சேர்ந்து நோயெதிர்ப்பு அமைப்பை உடலுக்கு எதிராகவே திருப்பிவிடுவதால் வருபவை. அதனால்தான் இவை குடலோடு நிற்பதில்லை. மூட்டிலும் கண்ணிலும் கல்லீரலிலும் தோலிலும் தலைகாட்டுகின்றன. சிலருக்கு வயிற்றுத் தொல்லை தொடங்கும் முன்பே தோலில் அடையாளம் வந்துவிடும். இந்த உறவு ஒரே நாளில் பிடிபடவில்லை. பெரும்பாலும் தவறான ஊகங்களின் வழியாகவும் பலிக்காத மருந்துகளின் வழியாகவுமே அது துலங்கியது.

பெருங்குடல் புண் அழற்சி மருத்துவ ஏட்டில் ஏறியது ஒரு கொலை வழக்கின் வழியே. 1859இல் லண்டன் அருகே இசபெல்லா பேங்க்ஸ் என்ற பெண் கடும் வயிற்றுப்போக்கால் இறந்தார். அவருக்கு நஞ்சூட்டியதாக தாமஸ் ஸ்மெத்தர்ஸ்ட் என்ற மருத்துவர் மீது குற்றம் சாட்டப்பட்டது. உடலின் குடலை ஆராய்ந்த சாமுவேல் வில்க்ஸ், பெருங்குடல் முழுதும் புண்ணாகி அழன்றிருப்பதை விவரித்து எழுதினார். ஸ்மெத்தர்ஸ்டுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. ஆனால் சோதனையில் தென்பட்ட ஆர்செனிக், சோதனைக்குப் பயன்படுத்திய செம்பிலேயே இருந்தது என்று தெரியவந்தபின் கொலைக் குற்றத்திலிருந்து அவருக்கு மன்னிப்புக் கிடைத்தது. அந்தக் குடல் விவரிப்பைப் பிற்காலத்தில் படித்த சிலர், அது உண்மையில் கிரோன் நோயாக இருந்திருக்கலாம் என்கிறார்கள். கிரோன் நோய்க்குத் தனி அடையாளம் கிடைத்தது 1932இல். நியூயார்க் மவுண்ட் சினாய் மருத்துவமனையின் பரில் கிரோன், லியோன் கின்ஸ்பர்க், கார்டன் ஓப்பன்ஹைமர் ஆகிய மூவரும் சிறுகுடலின் கடைப்பகுதியில் வரும் அழற்சியை 14 நோயாளிகளைக் கொண்டு விவரித்தனர். பெயர்கள் அகரவரிசையில் அச்சானதால் கிரோனின் பெயர் முன்னால் வந்தது. நோய்க்கும் அதுவே நிலைத்தது.

தோலுக்கும் குடலுக்கும் உள்ள தொடர்பை முதலில் உரக்கச் சொன்னது பயோடெர்மா கேங்கிரினோசம் என்னும் புண். பாரிஸ் தோல் மருத்துவர் லூயி பிரோக் 1916இல் இத்தகைய புண்களை விவரித்திருந்தார். 1930இல் அமெரிக்காவின் மாயோ கிளினிக்கில் பிரன்ஸ்டிங், கோக்கர்மன், ஓலியரி ஆகியோர் ஐந்து நோயாளிகளைப் பற்றி எழுதி இப்பெயரைச் சூட்டினர். ஐவரில் நால்வருக்குப் பெருங்குடல் புண் அழற்சி இருந்தது. குடலில் குடியிருக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி இரத்தத்தின் வழி தோலுக்குப் போய்ச் சீழ் பிடிக்க வைக்கிறது என்று அவர்கள் கருதினர். பெயரின் முன்பாதி சீழ்த்தோல் என்றும் பின்பாதி அழுகல் என்றும் பொருள்படும். இரண்டுமே தவறு. இது தொற்றும் அல்ல, அழுகலும் அல்ல. என்றாலும் பெயர் மாறவில்லை.

தொடக்கத்தில் அது பூச்சிக்கடி போலத்தான் இருக்கும். கீழ்க்காலின் முன்பக்கத்தில் ஒரு சிறு கொப்புளம். பலர் சொறிந்துவிட்டு மறந்துவிடுவார்கள். ஓரிரு நாளில் அது உடைந்து குழிவிழும். ஓரம் கத்தரிப்பூ நிறத்தில் வீங்கி, அடியில் குடைந்து சென்றிருக்கும். வலி, புண்ணின் அளவுக்குச் சற்றும் பொருந்தாமல் கடுமையாக இருக்கும். ஆறிய பிறகு சல்லடை போன்ற தழும்பு நிற்கும். புண்ணிலிருந்து துணுக்கெடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளையணுக்கள் குவிந்து கிடக்கும்; நோய்க்குக் காரணமான கிருமி மட்டும் இராது. இதற்கு இன்னொரு கொடிய குணமும் உண்டு. ஊசி குத்திய இடத்திலும் கத்தி பட்ட இடத்திலும் புதிதாக முளைக்கும். அழுகலென்று நினைத்து ஓரத்தை வெட்டிச் சுத்தம் செய்தால் புண் மேலும் பெரிதாகும். பெயரை நம்பிய அறுவை மருத்துவர்களால் கால் இன்னும் சிதைந்த நோயாளிகள் பலர். பெருங்குடலை அகற்றினால் தோலும் குணமாகும் என்ற எண்ணமும் வெகுகாலம் இருந்தது. சிலருக்கு ஆறியது, சிலருக்கு ஆறவில்லை. குடலை எடுத்த பின் வயிற்றில் மலம் வெளியேற வைத்த துளையைச் சுற்றியே புண் வந்தவர்களும் உண்டு.

குடல் அழற்சி நோயாளிகளில் இப்புண் வருபவர்கள் நூற்றுக்கு ஓரிருவர்தான். அதைவிட மிகுதியாகக் காண்பது எரித்திமா நோடோசம். முழங்காலுக்குக் கீழே, எலும்பின் மேல், தொட்டால் வலிக்கும் சிவந்த முடிச்சுகள். புண்ணாவதில்லை, நீலம்பாரித்துத் தானே வடிந்துவிடும். இது பெண்களுக்கு அதிகம். குடல் கொதிக்கும்போது இதுவும் எழும், குடல் அடங்கினால் இதுவும் அடங்கும். பயோடெர்மாவோ பல சமயம் குடலின் போக்கைப் பொருட்படுத்துவதில்லை. இந்த வேறுபாடு மருத்துவருக்கு முக்கியமானது: முடிச்சு வந்தால் குடலைக் கவனித்தால் போதும், புண் வந்தால் புண்ணுக்கே தனியாக மருந்து வேண்டும். 1964இல் பிரிட்டனின் ராபர்ட் ஸ்வீட் விவரித்த, காய்ச்சலோடு சிவந்த தடிப்புகள் எழும் நோய்க்குறியும் இதே நியூட்ரோஃபில் குடும்பத்தைச் சேர்ந்தது. 1965இல் பார்க்ஸ், மார்சன், பெகம் ஆகியோர் வேறொரு வகையைக் காட்டினர்: குடலோடு எந்தத் தொடர்ச்சியும் இல்லாத தோற்பகுதியில், கிரோன் நோயில் குடலில் காணும் அதே நுண்கட்டிகள். இங்கே தோல் வெறுமனே எதிர்வினை காட்டவில்லை. அதே நோய்தான் தோலிலும்.

எல்லாமே எதிர்ப்பாற்றலின் வேலை என்றும் சொல்லிவிட முடியாது. நெடுநாள் வயிற்றுப்போக்கால் துத்தநாகச் சத்து குறைந்தவர்களுக்கு வாயோரத்திலும் ஆசனவாயைச் சுற்றியும் செதிலும் புண்ணும் வரும். துத்தநாகம் கொடுத்தால் சில நாட்களில் மறையும். சத்துக் குறையை நோயின் சீற்றம் என்று தவறாகப் புரிந்துகொண்டு மருந்தைக் கூட்டுவது வீண்.

தொற்று என்ற கொள்கையை ஆட்டங்காண வைத்தது கார்டிசோன். 1955இல் ஆக்ஸ்ஃபோர்டின் ட்ரூலவ், விட்ஸ் இருவரும் பெருங்குடல் புண் அழற்சியில் அது பயன் தருவதை முறையான சோதனையில் நிறுவினர். பயோடெர்மா புண்ணும் அதே வகை மருந்தால் ஆறியது. எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து, தொற்றைப் பெருக்க வேண்டுமேயன்றி ஆற்றக் கூடாது. ஆகவே குற்றவாளி கிருமி அல்ல, காவல்காரனே என்ற முடிவுக்கு வராமல் இருக்க முடியவில்லை.

குடலும் தோலும் உடலின் இரு எல்லைச் சுவர்கள். இரண்டிலும் உயிரணுச் சுவருக்கு வெளியே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள். உள்ளே அவற்றைச் சகித்துக்கொள்ளவும் சமயத்தில் தாக்கவும் பழகிய வெள்ளையணுக்கள். இந்த அணுக்களுக்கு முகவரி உண்டு. குடலுக்குப் போக வேண்டியது ஆல்ஃபா4-பீட்டா7 என்னும் புரதத்தைச் சுமந்து செல்லும். தோலுக்குப் போவது வேறொரு அடையாளத்தைச் சுமக்கும். 2014இல் வந்த வெடோலிசுமாப் முதல் முகவரியை மட்டும் அடைக்கிறது. குடலுக்கு நல்ல மருந்து. தோலிலும் மூட்டிலும் உள்ள தொல்லைக்கு அதை நம்பியிருக்க முடியாது.

சொரியாசிஸ் நோய்தான் இந்த உறவை மரபணு மட்டத்தில் திறந்து காட்டியது. 1982இல் வெளிவந்த ஓர் ஆய்வில் கிரோன் நோயாளிகளில் நூற்றுக்கு 11 பேருக்குச் சொரியாசிஸ் இருந்தது. ஒப்பீட்டுக்கு எடுத்தவர்களில் நூற்றுக்கு இருவருக்கும் குறைவு. 2001இல் நாட்2 மரபணு மாற்றங்கள் கிரோன் நோயோடு இணைக்கப்பட்டன. அதே ஆண்டில், அதே மரபணுவின் வேறு மாற்றங்கள் தோலிலும் மூட்டிலும் கண்ணிலும் நுண்கட்டி உண்டாக்கும் பிளாவ் நோய்க்குக் காரணம் என்றும் தெரிந்தது. ஆனால் ஐரோப்பியரிடம் கண்ட நாட்2 மாற்றங்கள் ஜப்பானிய நோயாளிகளிடம் இல்லை. ஒரே நோய் எல்லா இனத்திலும் ஒரே வாசல் வழி நுழைவதில்லை. 2006இல் இன்டர்லூகின்-23 என்னும் அழற்சிப் புரதத்தின் ஏற்பிக்கான மரபணு கிரோன் நோயோடு பிணைந்திருப்பது தெரிந்தது; மறு ஆண்டே அது சொரியாசிஸுக்கும் பொருந்தியது.

மருந்துகள் இந்தக் கண்டுபிடிப்புகளைச் சோதித்தன. டிஎன்எஃப் என்னும் அழற்சிப் புரதத்தை முடக்கும் இன்ஃப்ளிக்சிமாப் 1998இல் அமெரிக்காவில் கிரோன் நோய்க்கு அனுமதி பெற்றது. 2006இல் பிரிட்டனில் பயோடெர்மா நோயாளிகள் 30 பேரிடம் அதைச் சோதித்தபோது, இரண்டாம் வாரத்தில் மருந்து பெற்றவர்களில் 46 விழுக்காட்டினர் தேறினர். போலி மருந்து பெற்றவர்களில் 6 விழுக்காட்டினர். இன்டர்லூகின்-12, 23 இரண்டையும் தடுக்கும் உஸ்டெகினுமாப் 2009இல் சொரியாசிஸுக்கும் 2016இல் கிரோன் நோய்க்கும் வந்தது. அடுத்ததாக இன்டர்லூகின்-17 தடுப்பான் செக்குகினுமாப். சொரியாசிஸில் இது அருமையாக வேலை செய்தது. அதே கணக்கில் கிரோன் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2012இல் முடிவு வெளிவந்தது. பயனில்லை என்பது மட்டுமல்ல, சிலருக்கு நோய் முற்றியது. தோலில் அழற்சியை மூட்டும் அதே புரதம் குடலில் சுவரைக் காத்து நிற்கிறது என்பதே இதற்கான விளக்கம். இந்தத் தோல்வி கற்றுத்தந்த அளவுக்கு எந்த வெற்றியும் கற்றுத்தரவில்லை எனலாம். சொரியாசிஸுக்கு இவ்வகை மருந்து எழுதும் முன் வயிற்றுப்போக்கு பற்றிக் கேட்பது இன்று வழக்கமாகிவிட்டது.

மறுதலையும் நேர்ந்தது. டிஎன்எஃப் தடுப்பான் சொரியாசிஸை ஆற்றும் மருந்து. ஆனால் அதைக் குடலுக்காக எடுத்துக்கொண்ட சிலருக்கு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் சீழ்க்கொப்புளங்களோடு புதிதாகச் சொரியாசிஸ் வந்தது. டிஎன்எஃப் அடங்கும்போது, அது கட்டுப்படுத்தி வைத்திருந்த இன்டர்ஃபெரான் என்னும் இன்னொரு புரதம் பெருகிவிடுவதே காரணம் என்று விளக்கப்படுகிறது. குடலுக்குத் தரும் அசாதயோப்ரினுக்கும் தோல் விளைவுகள் உண்டு: வெள்ளைத்தோலினரிடம் தோல் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டுகிறது, ஆசியரிடம் மிகுந்துள்ள நட்15 மரபணு மாற்றம் கொண்டவர்களுக்குச் சில வாரங்களில் முடி கொத்தாகக் கொட்டும். வெள்ளையணு குறையப் போவதன் எச்சரிக்கை அது.

இந்தியாவில் இந்த உறவைப் படிப்பதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு, அது காசநோய். குடற்காசமும் கிரோன் நோயும் ஒரே இடத்தில், ஒரே விதமான நுண்கட்டியோடு வருகின்றன. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அன்னா புளிமூட் குழுவினர் 1999இல் வெளியிட்ட ஆய்வு, குடல் துணுக்கில் நுண்கட்டியின் அளவையும் எண்ணிக்கையையும் கொண்டு இரண்டையும் பிரிக்க வழிகாட்டியது. தோலிலும் அதே குழப்பம்தான். காலில் எழும் எரித்திமா முடிச்சுகளுக்குக் குடல் அழற்சியைப் போலவே காசநோயும் காரணமாகலாம். 2001இல் இன்ஃப்ளிக்சிமாப் பெற்றவர்களிடம் காசநோய் கிளம்பிய 70 நிகழ்வுகள் அறிக்கையான பிறகு, உறங்கிக் கிடக்கும் காசக்கிருமி உள்ளதா என்று மார்பு எக்ஸ்ரேயும் சோதனையும் செய்து பார்த்த பின்னரே இம்மருந்தைத் தொடங்குகிறார்கள்.