தெருநாய் நலப்பணி: விருதுநகர் மாவட்டமும் சிவகாசிப் பட்டாசு வட்டாரமும்

தெருநாய் நலப்பணி என்பது, உரிமையாளர் இல்லாமல் தெருவிலும் ஊர்ப்புறத்திலும் வாழும் நாய்களுக்குக் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, நோய்க்கும் காயத்துக்கும் மருத்துவம் பார்த்து, இயன்றவற்றுக்கு வீடு தேடித் தரும் வேலைகளின் தொகுப்பு. விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் 2023இன்படி இந்தியாவில் இது உள்ளாட்சி அமைப்புகளின் கடமை. விருதுநகர் மாவட்டத்தில் 2021இல் மாநகராட்சியான சிவகாசியும், விருதுநகர், சாத்தூர், அருப்புக்கோட்டை, இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் நகராட்சிகளும், பேரூராட்சிகளும், சுற்றியுள்ள ஊராட்சிகளும் இந்தக் கடமைக்குள் வருகின்றன. பட்டாசுத் தொழிலின் பருவமும் நாயின் இனப்பெருக்கப் பருவமும் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பதால், பிற ஊர்களில் எழாத சில சிக்கல்கள் இங்கே உண்டு.

வட்டாரமும் நாயும்

நாய்க்குப் பேர்போன மாவட்டம் இது. வெள்ளை உடலும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட இராஜபாளையம் நாய் இந்த மண்ணுக்கு உரியது. 2005இல் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாய் அஞ்சல்தலைகளில் அதற்கும் இடம் கிடைத்தது. வேட்டைக்குப் பெயர் பெற்ற சிப்பிப்பாறை நாய் தன் பெயரை இம்மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்தே பெற்றது. தமிழ்நாட்டில் நாயைப் போற்றும் வழக்கம் இன்னும் பழையது. முதலாம் மகேந்திரவர்மன் காலத்து எடுத்தனூர் நடுகல், கள்ளரைக் கடித்துத் தன் ஆண்டையின் அருகே நின்ற கோவிவன் என்ற நாயைப் பெயர் சொல்லி நினைவுகூர்கிறது.

தெருநாய்க்கு அந்தப் பெயரும் இல்லை, அஞ்சல்தலையும் இல்லை. ஆனால் உடல்நலத்தில் அது சாதி நாய்க்குக் குறைந்ததன்று. நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம் சேர்த்ததால் இராஜபாளையம் நாய்களிடையே பிறவிச் செவிடு காணப்படுகிறது. கலப்பில் பிறந்த நாட்டு நாய்க்கு அத்தகைய குறைகள் அரிது.

ஓர் ஊரில் எத்தனை நாய் வாழும் என்பதை முதலில் தீர்மானிப்பது சோறு. விருதுநகரின் எண்ணெய்ப் பரோட்டாக் கடைகளுக்குப் பின்னால் இரவில் குவியும் எச்சில் இலை, கறிக்கடைக் கழிவு, பங்குனிப் பொங்கல், சித்திரைப் பொங்கல் நாட்களின் கிடாவெட்டு மிச்சம் எல்லாம் நாய்க்கு உணவு. குப்பையைத் திறந்து போட்டுவிட்டு நாயைக் குறைக்க முயலும் நகராட்சி, ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிக்கிறது.

கொல்வதிலிருந்து கருத்தடைக்கு

சென்னை மாநகராட்சி நெடுங்காலம் தெருநாய்களைப் பிடித்துக் கொன்றது. விமானி கேப்டன் வி. சுந்தரமும் அவர் மனைவி உஷா சுந்தரமும் 1959இல் தொடங்கிய இந்திய நீலச்சிலுவைச் சங்கம், 1964 முதல் கருத்தடையே மாற்று வழி என்று வற்புறுத்தி வந்தது. அவர்கள் மகன் சின்னி கிருஷ்ணா அந்த வாதத்தைப் பல பதிற்றாண்டுகள் சுமந்தார். மாநகராட்சி ஒப்புக்கொண்டது 1996இல்தான். அதற்கு முந்தைய ஆண்டில் நாள் ஒன்றுக்கு 135 நாய்கள் வரை கொல்லப்பட்டன என்கிறது சங்கம். அத்தனை கொன்றும் நாய் குறையவில்லை என்பதே அவர்களுடைய வாதத்தின் வலு.

காரணம் எளிது. ஒரு தெருவிலிருந்து நாய்களை அகற்றினால் அங்கே உள்ள சோறு அப்படியே இருக்கிறது. அடுத்த தெரு நாய் வந்து இடம்பிடிக்கிறது. குட்டிகள் இயல்பாகவே பெரும்பாலும் சாகின்றன. கொல்கத்தாவில் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தார் 364 குட்டிகளைத் தொடர்ந்து கவனித்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், இனப்பெருக்க வயதை எட்டியவை 19 விழுக்காடு மட்டுமே. போட்டி குறைந்து சோறு மிஞ்சினால் பிழைக்கும் குட்டிகள் கூடும். கொன்றதை அவை ஈடுகட்டிவிடும்.

சட்டப் பின்னணியும் தமிழ்நாட்டோடு தொடர்புடையது. ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதாவின் தொடர்ச்சியாக, விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960இல் நிறைவேறியது. 1962இல் அமைந்த இந்திய விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. சட்டத்தின்கீழ் நாய்க் கருத்தடை விதிகள் 2001இல் வந்தன. 2023இல் அவை திருத்தி எழுதப்பட்டன.

கருத்தடை முறை

நாயை வலையாலோ கையாலோ பிடிக்க வேண்டும். இடுக்கியும் கம்பிச் சுருக்கும் கூடாது. பிடித்த தெருவும் நாளும் எழுதி வைக்கப்படும். பால் கொடுக்கும் தாயையும் ஆறு மாதம் நிரம்பாத குட்டியையும் விட்டுவிட வேண்டும். மையத்தில் சோறு நிறுத்தி, மயக்கம் கொடுத்து, பெட்டைக்குக் கருப்பையும் சினைப்பையும், கடுவனுக்கு விதைகளும் நீக்கப்படுகின்றன. மயக்கத்திலேயே காது நுனியில் ஒரு சிறு வெட்டு. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அதுதான் அடையாளம். வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, புண் ஆறும்வரை வைத்திருந்து, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். தீராத நோயில் துடிக்கும் நாயைக் கால்நடை மருத்துவர் வலியில்லாமல் முடித்துவைக்க விதிகளில் இடமுண்டு.

அறுவை கடினமானதன்று; ஒழுங்குதான் கடினம். கையுறையும் கருவிகளும் ஒவ்வொரு நாய்க்கும் மாற்றாமல் கணக்குக்காகச் செய்யும் அறுவையில் தையல் பிரிந்து நாய் தெருவில் சாகும். அதைக் கண்ட தெருவாசிகள் அடுத்த முறை வண்டி வந்தால் நாயை ஒளித்துவிடுவார்கள். உலகக் கால்நடைச் சேவை அமைப்பு நீலகிரியில் நடத்தும் பயிற்சி மையத்தில் பல மாநிலக் கால்நடை மருத்துவர்கள் இந்த அறுவையைக் கற்கிறார்கள். விருதுநகருக்கு அருகில் திருநெல்வேலி இராமையன்பட்டியில் 2012இல் தொடங்கிய அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி உண்டு.

எத்தனை அறுவை செய்தோம் என்று ஆண்டறிக்கையில் எழுதுவது நகராட்சிகளின் வழக்கம். அந்த எண்ணிக்கை தனியாக எதையும் சொல்லாது. ஒரு வார்டில் பத்துக்கு ஏழு நாயாவது குறுகிய காலத்துக்குள் முடிந்திருக்க வேண்டும். ஊரெங்கும் சிதறிச் செய்த ஆயிரம் அறுவையைவிட ஒரே பகுதியை முழுதாக முடித்த முந்நூறு அறுவை மேல். சென்னையில் 2024இல் எடுத்த கணக்கெடுப்பில் ஏறத்தாழ 1.8 லட்சம் நாய்களில் 27 விழுக்காடு மட்டுமே கருத்தடை செய்யப்பட்டவை. ஏறக்குறைய முப்பது ஆண்டு அனுபவம் உள்ள நகரத்திலேயே நிலை இதுதான்.

பட்டாசுப் பருவமும் நாய்ப் பருவமும்

தெருநாய்கள் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் இணைசேர்கின்றன. சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள். குட்டிகள் மார்கழி, தையில் தெருவுக்கு வருகின்றன. ஆகவே கருத்தடைக்கு உகந்த காலம் ஆனியிலிருந்து புரட்டாசிவரை. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பகுதிகளில் பட்டாசு ஆலைகள் முழுவீச்சில் இயங்கும் மாதங்களும் அவையே. ஆடிப்பெருக்கன்று பூஜை போட்டு விற்பனையைத் தொடங்கும் வட்டாரம், அதன்பின் தீபாவளிவரை நிமிர்ந்து பார்ப்பதில்லை. நாயைப் பிடிக்கத் தோதாக அதற்குச் சோறு வைப்பவர், பெயர் சொல்லி அழைக்கத் தெரிந்தவர் எல்லாரும் அப்போது வேலைக்குப் போயிருப்பார்கள்.

இடமும் தோதாக இல்லை. ஆலைகள் ஊருக்கு வெளியே கரிசல் காட்டில், அறைக்கும் அறைக்கும் இடைவெளி விட்டு, சீமைக்கருவேலம் சூழ நிற்கின்றன. மதியத் தூக்குவாளியில் மிஞ்சுவதைத் தின்னும் நாய்கள் அந்தப் புதரிலேயே குட்டி போடும். வெடிபொருள் உரிமம் பெற்ற வளாகத்துக்குள் வெளியாள் நினைத்தபடி நுழைய முடியாது. மருந்து கலக்கும் அறையின் பக்கம் நாயைத் துரத்துவது உயிரோடு விளையாடுவது. ஆலை போர்மேனிடம் பேசி, விடுமுறை நாளில், வேலியருகே பிடிப்பதே நடைமுறைக்கு ஒத்தது. இந்த ஆலைகள் பல ஊராட்சி எல்லைக்குள் இருப்பதால், நகராட்சி மட்டும் கருத்தடை செய்தால் போதாது. காட்டுப்பக்கக் குட்டிகள் வளர்ந்து ஊருக்குள் வரும்.

அடுத்தது ஒலி. நாயின் செவி மனிதருக்குக் கேட்காத 45,000 ஹெர்ட்ஸ் வரையான ஒலியையும் உணரும். வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது பட்டாசுக்கான விதி. அந்த அளவே நாய்க்கு மிக அதிகம். பட்டாசு ஊர் நாய்க்குச் சத்தம் பழகியிருக்கும் என்று சொல்வார்கள். பல நாய்களிடம் நடப்பது நேர்மாறு: ஒவ்வொரு முறையும் அச்சம் கூடும். தீபாவளி இரவில் மிரண்டு ஓடும் நாய் வேற்று எல்லைக்குள் புகுந்து கடிபடுகிறது, வண்டியில் அடிபடுகிறது, வழி தெரியாமல் நிற்கிறது. எந்த வார்டு நாய் என்ற பதிவேடு அந்த ஓர் இரவில் குழம்பும். இணைசேரும் பருவமும் அதுவே.

உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் சரவெடியைத் தடைசெய்து, வெடிக்கும் நேரத்தை இரண்டு மணி நேரமாகச் சுருக்கியது. தமிழ்நாட்டில் அது காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. தடைக்குக் காரணம் காற்று மாசும் இரைச்சலும் குப்பையும். சிவகாசித் தொழிலாளிக்கு அது பெரிய அடி. நேரக் கட்டுப்பாடு ஓரளவாவது கடைப்பிடிக்கப்பட்டால் விலங்குகளுக்கு அது பயன். சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகளுக்காக வெடியே வெடிப்பதில்லை. அதைச் சிவகாசியில் எதிர்பார்ப்பது பேதைமை. பயந்த நாய் ஒதுங்க ஒரு படிக்கட்டடியைத் திறந்து வைப்பதை எதிர்பார்க்கலாம்.

வெறிநோயும் பிற நோய்களும்

தமிழ்நாட்டில் 2024இல் ஏறத்தாழ 4.8 லட்சம் பேரை நாய் கடித்தது. வெறிநோயால் 40க்கு மேற்பட்டோர் இறந்தனர். குன்னூரில் 1907இல் அமைந்த பாஸ்டர் நிலையம் தென்னிந்தியாவுக்கே தடுப்பூசி தந்தது. தொப்புளைச் சுற்றிப் போட்ட பழைய ஊசிகளின் பயம் இன்னும் பாட்டிமார் பேச்சில் உண்டு. அந்த ஊசி இருபது ஆண்டுக்கு முன்பே ஒழிந்தது. இன்று கையில் போடும் ஊசி அரசு மருத்துவமனைகளில் இலவசம். கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுவது முதல் வேலை. மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் அப்பக் கூடாது.

காது வெட்டைக் கண்டால் ஊசி போட்ட நாய் என்று மக்கள் நம்பிவிடுகிறார்கள். தடுப்பூசி ஆண்டுதோறும் போட வேண்டியது. மூன்றாண்டுக்கு முந்தைய வெட்டு இன்றைய பாதுகாப்புக்குச் சான்றாகாது. பல ஊர்களில் திட்டம் ஓட்டையாவது இங்கேதான்.

மற்றபடி சொறி, புழு வைத்த புண், வண்டியில் அடிபட்ட கால் முறிவு, பார்வோ வைரஸ் நோய் ஆகியவை அடிக்கடி வருபவை. இணைசேர்க்கையில் தொற்றும் பாலுறுப்புக் கட்டி வின்கிரிஸ்டின் ஊசிக்குப் பெரும்பாலும் கரைந்துவிடும். கருத்தடை பரவினால் அந்த நோய் தானே குறையும்.

தத்து கொடுத்தல்

குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்க இரண்டு மாதமாவது ஆக வேண்டும். கடுவன் குட்டிக்கு ஆள் வரும், பெட்டை மிஞ்சும். குட்டி போட்டுத் தொலைக்குமே என்ற அச்சத்தில் பெட்டைகளைச் சாக்கில் கட்டிக் கண்மாய்க்கரையில் விடும் பழக்கம் ஊர்ப்புறங்களில் உண்டு. ஆறு மாதத்தில் கருத்தடைச் செலவை ஏற்பதாகச் சொல்லிக் கொடுத்தால் பெட்டைக்கும் வீடு கிடைக்கிறது. பட்டாசு வட்டாரத்தில் தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் குட்டி கொடுப்பது நல்லதல்ல. புது வீட்டில் முதல் வாரமே வெடிச்சத்தம் என்றால் குட்டி வேலி தாண்டிவிடும்.

2025க்குப் பின்

2025 ஆகஸ்ட் 11 அன்று தில்லி வட்டாரத் தெருநாய்கள் அனைத்தையும் காப்பகத்தில் அடைக்கச் சொன்ன உச்ச நீதிமன்றம், ஆகஸ்ட் 22 அன்று அதை மாற்றியது. கருத்தடையும் ஊசியும் முடித்த நாயைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும். வெறிநோய் உள்ளதையும் மூர்க்கமானதையும் விடக் கூடாது. வார்டுதோறும் சோறு வைக்கத் தனி இடம் குறிக்க வேண்டும். நவம்பர் 7 ஆணை பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலைய வளாக நாய்களை அகற்றவும், அங்கே திரும்ப விடாதிருக்கவும் பணித்தது. அகற்றிய நாய்க்குக் காப்பகம் வேண்டும், காப்பகத்துக்கு ஆளும் சோறும் மருத்துவரும் வேண்டும். கால்நடை மருந்தகத்தில் மாட்டையும் ஆட்டையும் பார்க்கும் ஒரே மருத்துவரை நம்பியிருக்கும் சிறு நகராட்சிக்கு அது கருத்தடையைவிடப் பன்மடங்கு பெரிய செலவு.