பூட்டுமுறை: இயங்குதள இயக்கிகளில்

இயங்குதளத்தின் மையமான கெர்னலிலும் சாதனங்களை இயக்கும் நிரல்களான இயக்கிகளிலும் ஒரே தரவை இரு வேலைகள் ஒரே கணத்தில் மாற்ற முயன்றால் விளைவு எது முந்தியது என்பதைப் பொறுத்து மாறும். இந்நிலை ரேஸ் கண்டிஷன் எனப்படும். அதைத் தடுப்பது பூட்டு. செங்கல்பட்டு–அரக்கோணம் போன்ற ஒற்றைத் தட ரயில்பாதைகளுக்கென வகுக்கப்பட்ட டோக்கன் முறையும் இதே கொள்கையுடையது: டோக்கன் பெற்ற ரயில் மட்டுமே அடுத்த நிலையத்துக்குப் புறப்படலாம்.

ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டும் அனுமதிப்பது எப்படி என்னும் சிக்கலைக் கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1965இல் கட்டுரையாக வெளியிட்டார். அதன் முதல் தீர்வு கணிதவியலர் டெக்கருடையது என்பர். தொடக்ககால யூனிக்ஸ் ஒற்றைச் செயலியில் ஓடியதால் இன்டரப்டை, அதாவது செயலியின் வேலையைச் சாதனங்கள் இடைமறிப்பதை, சற்று நிறுத்திவைப்பதே போதுமானதாக இருந்தது.

1996இல் வந்த லினக்ஸ் 2.0 பல செயலிகளில் ஓடியது. ஆனால் கெர்னல் முழுவதற்கும் ஒரே பெரும்பூட்டு. அது எந்தத் தரவைக் காக்கிறது என்பது எங்கும் எழுதப்படவில்லை; அதை அகற்றுவது கடினமானதற்கு இதுவே முதற்காரணம். சாதனங்களுக்குக் கட்டளை அனுப்ப உதவும் இயக்கிகளின் ஐஆக்டில் அழைப்புகள் நெடுங்காலம் அதன் நிழலிலேயே ஓடின. பூட்டில்லாத மாற்று வழி 2005இல் 2.6.11 பதிப்பில் வந்தது. அதன்பின் இயக்கிகள் ஒவ்வொன்றாகத் திருத்தப்பட்டன. எஞ்சிய பூட்டை ஆர்ன்ட் பெர்க்மன் 2011 மே மாதம் 2.6.39 பதிப்பில் நீக்கினார்.

அதன் இடத்துக்கு வந்த சிறு பூட்டுகளில் நுட்பம் மிகுந்தது, பூட்டு கிடைக்கும்வரை உறங்காமல் சுற்றிக் காத்திருக்கும் ஸ்பின்லாக். இயக்கி அதைப் பிடித்திருக்கும்போது அதே செயலியில் அச்சாதனத்தின் இன்டரப்ட் வந்து அதே பூட்டைக் கேட்டால் இரண்டுமே நகராது. ஆகவே அந்தச் செயலியில் இன்டரப்டை அடக்கிவிட்டே பூட்டைப் பிடிக்க வேண்டும். பிடித்தபின் உறங்கக் கூடாது. உறங்க நேரும் இடத்துக்கு, காத்திருக்கும் வேலையை உறங்கவைக்கும் மியூடெக்ஸ் பூட்டு.

படிப்போர் பூட்டே எடுக்காத ஆர்சியு முறை 2002இல் 2.5.43 பதிப்பில் சேர்ந்தது. அதில் பால் மெக்கென்னியோடு, ஐபிஎம்மின் பெங்களூரு ஆய்வகத்தைச் சேர்ந்த தீபங்கர் சர்மாவுக்கும் பெரும்பங்குண்டு. கோப்புப் பெயர்த் தேடலை இம்முறைக்கு மாற்றியதில் மனீஷ் சோனியும் உடனுழைத்தார். ஒவ்வொரு கோப்பும் திறக்கப்படும் வழியில் இருந்த நெரிசலை அது தளர்த்தியது. ஆர்சியுவின் மூலம் குறித்து ஒருமித்த கருத்தில்லை: சீக்வென்ட் நிறுவனத்தில் 1990களில் உருவானது என்பது பரவலான கூற்று; குங், லேமன் ஆகியோரின் 1980ஆம் ஆண்டுக் கட்டுரையை முன்னோடியாகக் காட்டுவோரும் உளர். 2003இல் எஸ்சிஓ நிறுவனம் ஐபிஎம்மீது தொடுத்த வழக்கிலும் ஆர்சியு இழுக்கப்பட்டது.

பூட்டு வரிசைப் பிழைகளைக் கண்டறியும் லாக்டெப் 2006இலும், ரேஸ்களைத் தேடும் கேசிசான் 2020இலும் சேர்ந்தன. 2022 முதல் கெர்னலில் இடம்பெறும் ரஸ்ட் மொழியில் தரவு பூட்டுக்குள்ளேயே வைக்கப்படுகிறது. பூட்டைப் பிடிக்காமல் அதைத் தொடும் நிரலை கம்பைலர் ஏற்காது.