மௌனமும் சண்டையே: யோவான் காசியன் நூல்களில் சினமும் தாழ்மையும்

வாயை அடக்கினால் சண்டை ஓயும் என்பது கிறிஸ்தவ அறவுரையாகவே நம்மிடையே வழங்குகிறது. தொடக்ககாலத் துறவிகள் இதை இவ்வளவு எளிதாக ஏற்கவில்லை. தாழ்மை இல்லாத தன்னடக்கம் சண்டையின் இன்னொரு உத்தி என்று கண்டவர்கள் அவர்கள். இதை மிகக் கூர்மையாக எழுதியவர் யோவான் காசியன் (சுமார் 360–435).

நண்பர் கெர்மானுசுடன் எகிப்தின் ஸ்கேதிஸ் பாலைவனத்தில் துறவிகளிடம் பாடம் கேட்டுப் பின்னாளில் மார்செய்யில் மடங்கள் நிறுவியவர் அவர். மட ஒழுங்குகள் பற்றி லத்தீனில் எழுதிய நூலின் எட்டாம் பகுதி முழுவதையும் சினத்துக்கே ஒதுக்கினார். நியாயமான கோபம் என்ற விதிவிலக்குக்கு அங்கே இடமில்லை. கண்ணை மறைப்பது பொன் தகடானாலும் ஈயத் தகடானாலும் பார்வை போவது ஒன்றுதான் என்பது அவர் வாதம். தன்னுள் எழும் தீய எண்ணத்தின் மீது மட்டுமே கோபம் கொள்ளலாம். ஆளில்லாத இடத்துக்கு ஓடிப்போவதும் மருந்தாகாது. தனிமையில் இருந்தபோது எழுதுகோலின் தடிமன் மீதும், வெட்டாத கத்தி மீதும், தீப்பொறி தராத சிக்கிமுக்கிக் கல் மீதும் தமக்குக் கோபம் வந்ததை அவரே பதிவு செய்கிறார். எதிராளி இல்லாமலும் சினம் பிழைத்திருக்கும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

அவருடைய ‘உரையாடல்கள்’ நூலின் 16-ஆம் உரையாடல் இன்னும் ஆழமாகச் செல்கிறது. நட்பைப் பற்றி யோசேப்பு என்ற மூத்த துறவி பேசுவதாக அமைந்த பகுதி அது. சகோதரனைப் புண்படுத்திவிட்டுச் சமாதானம் பேசாமல் சங்கீதம் பாடப் போகிறவர், பொறுமைசாலி போல நடித்து மற்றவரை மேலும் கொதிக்கவைப்பவர், கோபத்தில் சோற்றை ஒதுக்குபவர் என்று மடத்துக்குள் அன்றாடம் கண்ட மனிதர்களை அது வரிசையாக நிறுத்துகிறது. சாப்பாடு சற்றுத் தாமதித்தாலே தாங்காதவர்கள், கோபம் வந்தால் மட்டும் எளிதாகப் பட்டினி கிடக்கிறார்களாம்! (நம் வீடுகளிலும் இது புதிதல்ல.) வன்மத்தோடு காக்கும் மௌனம் வசைச்சொல்லைவிடக் கொடியது என்பது இங்கே எட்டப்படும் முடிவு. மலைப்பிரசங்கத்தின் மறுகன்னம் பற்றிய போதனையையும் இவ்வுரையாடல் அகத்துக்குக் கொண்டுபோகிறது: வெளிக்கன்னம் அடி வாங்கும்போது உள்மனிதனும் தன் கன்னத்தைக் காட்ட வேண்டும். இல்லையேல் காட்டிய கன்னமே எதிராளிக்கு விடும் சவாலாகிவிடும்.

6-ஆம் நூற்றாண்டில் காசா பகுதி மடத்தில் வாழ்ந்த தொரோத்தேயு, கலகங்களுக்கெல்லாம் மூலம் எவரும் தம்மைக் குற்றம் சாட்டிக்கொள்ளாததே என்றார். ஒருவரையொருவர் வணங்கி மன்னிப்புக் கேட்டும் மனம் ஆறாத இரு துறவிகளைப் பற்றி அவர் வியப்போடு சொல்கிறார். அவன் அன்போடு கேட்கவில்லை என்று ஒவ்வொருவரும் மற்றவர்மீது குறை கூறினார்களாம். மன்னிப்பே அடுத்த வழக்காகிவிட்டது.

இப்போதனைகளுக்கு ஓர் எல்லையும் உண்டு. காசியனின் துறவிகள் உடைமையைத் துறந்தவர்கள். தன்னைக் குற்றம் சாட்டும் பயிற்சி அங்கே இருதரப்புக்கும் பொது. துறவிகளுக்கான புனித ஆசீர்வாதப்பரின் (பெனடிக்ட்) மடவிதியும், சச்சரவின் முட்களை நீக்கவென்று காலையிலும் மாலையிலும் கர்த்தர் கற்பித்த ஜெபத்தை எல்லாருக்கும் கேட்க முழுவதும் சொல்ல வைக்கிறது. மன்னிப்பு வேண்டும் அந்த ஜெபத்தைச் சொல்ல வேண்டியவர் மடத்தின் தலைவர். ஆகவே, அடி வாங்குபவரிடம் மட்டும் தாழ்மையை எதிர்பார்க்கும் அறிவுரை எதுவாயினும், அதற்கு இம்மரபைச் சான்றாகக் காட்ட முடியாது.